அட்டையில் செய்த கிட்டார்

கிட்டாரில் ஒரு தந்தியை மீட்டிப் பாருங்கள், விரல் பட்ட அந்த நொடியில்தான் ஒலி உச்சத்தில் இருக்கும், அப்புறம் இறங்குமுகம்தான். வயலின்காரர் வில்லை இழுக்கிற வரைக்கும் ஸ்வரம் நிற்கும். கிட்டார்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்பானிஷ் கிட்டாரின் கதையில் பாதி, இந்தக் குறையோடு நடந்த மல்லுக்கட்டு என்றே சொல்வேன்.

தந்தி தனியாக அதிர்ந்தால் காதில் விழுவதே கஷ்டம், அத்தனை மெல்லிசான பொருளால் எவ்வளவு காற்றைத் தள்ள முடியும்? அதிர்வு, தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் என்ற கட்டை வழியாக மேல்பலகைக்குப் போய், இரண்டு இரண்டரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தப் பலகை ஆடும்போதுதான் சத்தம் பிறக்கிறது. பலகை லேசாக இருந்தால் நன்றாக ஆடும். ரொம்ப லேசாக இழைத்தால், ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கிற இழுப்பில் உப்பிக்கொண்டு வந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஸ்பெயினில் அல்மெரியா பக்கத்துத் தச்சர் அந்தோனியோ தே தோரஸ் (1817–1892). உடலைப் பெரிதாக்கி, மேல்பலகையை மெலிதாக்கி, அடியில் விசிறி போல ஏழு குச்சிகளை ஒட்டினார். விசிறிக் குச்சி அவர் கண்டுபிடித்தது இல்லை, முன்பே இருந்ததுதான். அளவுகள் சரியாகப் பொருந்தி வந்தது அவர் கையில். 1862இல் ஒரு வேலை செய்தார் பாருங்கள், மேல்பலகை மட்டும் நல்ல மரம், முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டை! அதுவும் கிட்டாராகவே ஒலித்தது. ஒலிக்கு ஆதாரம் மேல்பலகைதான் என்று காட்டத்தான் இத்தனையும். அந்த அட்டைக் கிட்டார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, சத்தம் கூடியது, ஸ்வரம் மங்காமல் நின்றதா? அதுதான் இல்லை. தந்தியில் நாம் ஏற்றிய சக்தியைப் பலகை எவ்வளவு வேகமாகக் காற்றில் கொட்டுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் அது தீர்ந்துபோகும்.

மரத்தால் முடியாததை விரலால் செய்தார் ஸ்பானிஷ் கிட்டார் கலைஞர் தாரெகா (1852–1909). அவர் வாசித்ததும் தோரஸ் செய்த கிட்டாரைத்தான். அவர் எழுதிய ‘ரெகுவெர்தோஸ் தே லா அல்ஹாம்ப்ரா’வைக் கேளுங்கள். கட்டைவிரல் கீழ் ஸ்வரத்தைத் தட்ட, மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தந்தியைத் தட்டும். விநாடிக்குச் சுமார் பத்துத் தட்டு. ஒன்று மங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் இடைவெளியைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது, அறுபடாத ஒரு இழை கேட்கிறது. சுத்த ஏமாற்று வேலை, ஆனால் என்ன அழகு!

இதில் வேடிக்கை, கிட்டார்காரர்கள் உயிரை விடுகிற ‘அஸ்துரியாஸ்’ என்ற இசைத்துண்டு கிட்டாருக்கு எழுதியதே இல்லை. ஸ்பானிஷ் இசையமைப்பாளர் அல்பெனிஸ் அதைப் பியானோவுக்குத்தான் எழுதினார், கிட்டாரின் பாணியை மனதில் வைத்து. கிட்டாருக்கு மாற்றியவர்கள் சுருதியை ஜி மைனரிலிருந்து ஈ மைனருக்கு இறக்கினார்கள். விடாமல் திரும்பத் திரும்ப வருகிற அந்த ஒற்றை ஸ்வரம் இடக்கை தொடவே தேவையில்லாத இரண்டாம் தந்தியில் போய் உட்கார்ந்துகொண்டது.