தூக்க வேண்டாம், நிறுத்தினால் போதும்

நேற்று காலை 10 மணிக்கு வர வேண்டிய பெண் 10.50-க்கு வந்து சேர்ந்தார். 26 வயது. மாடியிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வாரம் இரண்டு நாள் பெங்களூரு அல்சூரில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறார். வீடு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. முதல் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார், வீல்சேரைப் பார்த்தார், "பரல்ல" (கன்னடத்தில் 'வரமாட்டேன்') என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவர் நிற்கவே இல்லை. ஆப்பில் பிடித்த கார் வாசல் வரை வந்து கேன்சல். நாலாவது வண்டி ஏற்றிக்கொண்டது, ஆனால் சேருக்குத் தனியாக நூறு ரூபாய். இப்படி அலுத்துப்போய் வராமலே நின்றுவிடுகிறவர்களுக்கு என் ரெஜிஸ்டரில் 'வரவில்லை' என்று மட்டும்தான் விழுகிறது.

இந்த மாதம் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கோபத்தில் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்கே போனேன். அங்கே பாதிப்பேர் நம்ம தமிழ் ஆட்கள்தான். ஒருவர் சொன்னார்: "மேடம், நாங்க கெட்டவங்க இல்ல. தூக்கி உக்கார வைக்கணும், கீழ விட்டுட்டா கேஸ் எங்க மேலதான் வரும்."

அண்ணே, உங்களை யார் தூக்கச் சொன்னது?

எனக்கு எரிச்சல் வருவதே இந்த ஒரு நினைப்பில்தான். அந்தப் பெண்ணையே கூட்டிப்போய்க் காட்டினேன். ஆட்டோவை நடைபாதையை ஒட்டி நிறுத்தச் சொன்னோம். அவர் சேரைச் சாய்வாகக் கொண்டுபோய் ஒட்டி, பிரேக் போட்டு, கால்தாங்கிகளை ஒதுக்கி, ஒவ்வொரு காலாகக் கையால் எடுத்து உள்ளே வைத்து, சேருக்கும் சீட்டுக்கும் நடுவே பலகையைச் செருகி நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிடம். அதுவரை டிரைவர் செய்ததெல்லாம் இஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா இருந்ததுதான். அப்புறம் சேர்: உட்காரும் துணியை நடுவில் பிடித்து மேலே இழுத்தால் மடங்கிவிடும், அவ்வளவுதான், அவர் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கலாம். வாடகைக் காரில் டிக்கியை கேஸ் சிலிண்டர் அடைத்திருக்கிறதா, சரி, முன்சீட்டு எதற்கு இருக்கிறது?

நிஜமாகவே உதவி தேவைப்படுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் "எப்படிப் பிடிக்கணும்?" என்று கேளுங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். அப்படி நழுவி வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்த கை இது, அதனால் கெஞ்சியே கேட்கிறேன்.

காசு விஷயம். பெங்களூரு ஆட்டோவில் 20 கிலோ வரை சுமைக்குக் கட்டணமே கிடையாது. மடக்கும் வீல்சேர் பெரும்பாலும் 15 முதல் 18 கிலோ. அதுவும் சுமையா? அது அவருடைய கால்.

சட்டமும் இருக்கிறது. வாடகை வண்டிக்காரர் சவாரிக்கு மறுப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவில் குற்றம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். நாலு பேர் முன்னால் ஊனத்தைச் சொல்லி வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. 'நொண்டி' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

பயணம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், வண்டி நம்பரைப் போட்டோ எடுங்கள். கூடுதல் காசு கேட்டால், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் அட்டையையும் சேர்த்து எடுங்கள். ஆப்பில் கேன்சல் ஆனால் அந்தத் திரையை உடனே சேமித்துவிட்டு அப்போதே புகார் போடுங்கள், ராத்திரி வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று விட்டால் போட மாட்டீர்கள், நானும் அப்படி எத்தனையோ விட்டிருக்கிறேன். போக்குவரத்துப் போலீசுக்கும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த முறை வெள்ளிக்கிழமை 10 மணி. ஸ்டாண்டில் அன்று பேசியவரே 9.30-க்கு அவர் வீட்டு வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், மீட்டருக்கு.