டேப்பர் இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் – கூம்பு இறுக்கப் பொருத்தம்

ஒருபக்கம் மெலிந்துகொண்டே போகும் தண்டு. அதே சரிவில் குடைந்த துளை. தண்டைத் துளைக்குள் வைத்து ஓங்கித் தட்டினால் திருகும் பசையும் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். துரப்பண எந்திரத்தில் துளையிடும் அலகைப் பிடிக்கும் மோர்ஸ் டேப்பரிலிருந்து இடுப்பு மூட்டு மாற்றில் உலோகத் தண்டின் மேல் உட்காரும் பீங்கான் பந்து வரை வேலை செய்வது இதே ஏற்பாடுதான். இதன் பெயர் ‘டேப்பர் இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்’.

‘டேப்பர்’ பழைய ஆங்கிலத்தில் மெழுகுவத்தியைக் குறித்த சொல். விளக்குத்திரிக்குப் பயன்பட்ட பப்பைரஸ் நாணலின் பெயரே அதற்கு மூலம் என்பார்கள். மெழுகுவத்தி மேலே போகப்போகச் சிறுத்ததால், பொருள் மெல்ல அந்த வடிவத்துக்கு மாறியது.

தமிழில் இதற்குக் ‘கூம்பு’ இருக்கிறது; இதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தால் தாமரை கூம்பும். அதன் பிறவினைதான் கை ‘கூப்பு’வதில் உள்ள கூப்பு. புறநானூற்றின் 30-ஆம் பாட்டில், பாய்மரத்தைக் களையாமலே புகாருக்குள் நுழையும் பெருங்கலம் வருகிறது. அங்கே பாய்மரத்தின் பெயரே கூம்பு. வடிவத்தைக் கூம்பு என்றும், சரிவின் அளவைக் கூம்பல் என்றும் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. ஆய்வகக் கண்ணாடிக் குடுவைகளின் தேய்த்த மூட்டுக்குக் கூம்பல் 1:10 (பத்து அளவு நீளத்துக்கு விட்டம் ஓர் அளவு சிறுக்கிறது) என்று எழுதிவிடலாம்.

சிக்கல் ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்ற சொல்லில்தான். அகராதியைப் பார்த்துக் ‘குறுக்கீட்டுப் பொருத்தம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. ஒளியலையிலும் வானொலியிலும் வரும் குறுக்கீடு வேறு, இது வேறு. மூலச்சொல்லே மோதலைக் குறித்தது: நடக்கும்போது குதிரை ஒரு காலை இன்னொரு காலில் இடித்துக்கொள்வதைப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல்லால் சொன்னார்கள். இங்கே மோதுவது இரண்டு அளவுகள். துளையைவிடத் தண்டு ஒரு மயிரிழை பருமன். இரண்டும் ஒரே இடத்தைக் கேட்கின்றன, விளைவு இறுக்கம். அந்த விளைவையே பெயராக்கி ‘இறுக்கப் பொருத்தம்’ என்பது தெளிவு.

அந்த இறுக்கம் எவ்வளவு? இடுப்பு மூட்டுத் தண்டுகளில் பரவலான, 12/14 என்று பெயரிடப்பட்ட கூம்பின் அரைக்கோணம் (அச்சுக்கும் சரிவுக்கும் இடையிலான கோணம்) 3 பாகைக்குச் சற்றுக் குறைவு. உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால், அச்சில் ஒரு பங்கு அழுத்தினால் துளைச் சுவரின் மேல், அதற்குச் செங்குத்தாக, மொத்தமாக ஏறத்தாழ ஐந்து பங்கு விசை விழும். மரம் பிளக்க அடிக்கும் ஆப்பு செய்வதும் இதுதான். இது வட்டமான ஆப்பு. சுவர் வெளியே தள்ளப்படும்போது பந்து சுற்றுவாட்டில் இழுவிசைக்கு ஆளாகிறது. எஃகு என்றால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அலுமினாப் பீங்கானும் கண்ணாடியும் அமுக்கத்தை அசாத்தியமாகத் தாங்கினாலும் இழுவிசைக்கு முன் பலவீனம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும்.

அதனால் பீங்கான் பந்துக்கான சோதனை அது உடையும்வரை போகிறது. ஐஎஸ்ஓ 7206-10 என்ற பன்னாட்டுத் தர முறையில் உலோகக் கூம்பை நிமிர்த்தி நிறுத்தி, பந்தைத் துளை கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்து, அச்சின் வழியே சீராக அழுத்துவார்கள். அழுத்தும் கிண்ணத்துக்கும் பந்துக்கும் நடுவே செப்பு வளையம் இருக்கும். பந்து வளையாது, நசுங்காது, எச்சரிக்கையும் தராது. கருவியில் சுமை ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நொடியில் பளீரென்று சத்தம், காப்புத் திரைக்குள் சில்லுகள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் கேட்பது சராசரி 46 கிலோநியூட்டன். எந்த ஒரு பந்தும் 20-க்குக் கீழே போகக்கூடாது. 46 என்பது சுமார் 4,700 கிலோ எடைக்குச் சமம்.

சராசரியோடு நிற்காமல் இரண்டாவது எண் எதற்கு? நொறுங்கும் பொருளில் ஒரே சூளையில் வெந்த இரண்டு பந்துகள்கூட ஒரே சுமையில் உடையா. யாரிடம் மோசமான கீறல் இருக்கிறதோ அது முந்திக்கொள்ளும். சுவீடனின் பொறியாளர் வலோதி வைபுல் இந்தச் சிதறலுக்கென்றே தந்த புள்ளியியல் பரவலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கூம்புக் கோணங்கள் சிறிதளவு ஒவ்வாமல் போனாலும், இடையில் ஒரு துகள் சிக்கினாலும், தொடும் இடம் சுருங்கி அங்கே தகைவு (ஓரலகுப் பரப்பின் மேல் விழும் விசை) குவியும். பந்தைப் பொருத்துமுன் அறுவை மருத்துவர் கூம்பைக் கழுவித் துடைத்து உலர்த்துவது இதற்காகத்தான்.

பந்து உடையும் இந்தச் சுமையை ஆங்கிலத்தில் ‘பர்ஸ்ட் ஸ்ட்ரெங்த்’ என்கிறார்கள். ‘பர்ஸ்ட்’டுக்கு நம்மிடம் ‘வெடிப்பு’ உண்டு, அது வெடிகுண்டுக்கு மட்டும் உரியதல்ல: வயல் வெடிக்கிறது, பருத்திக்காய் வெடிக்கிறது, குதிகாலில் வெடிப்பு வருகிறது. உள்ளிருந்து தள்ளப்பட்டுப் பிளப்பதுதான் அதன் பொருள், இங்கே நடப்பதும் அதுவே. ‘வலிமை’யை மட்டும் விட்டுவிடலாம். அளப்பது தகைவை அல்ல, விசையை. ஆகவே ‘வெடிப்புச் சுமை’. செருகியதை மீண்டும் பிரித்தெடுக்கத் தேவையான விசையை அளக்கும் தனிச் சோதனை ஒன்று உண்டு. அதற்குக் ‘கழற்று விசை’ என்ற பெயரே போதும்.