மயில் வந்த ஊரும் நெட்டைக்காலி போன மலையும்

பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிற ஊர்களில் விவசாயிகள் முதலில் எடுப்பது மயில் பேச்சுதான். "எங்கப்பா காலத்துல மயில் பார்க்கணும்னா விராலிமலைக்குப் போகணும் சார். இப்ப தக்காளிச் செடியை விட்டு நகர மாட்டேங்குது" என்றார் ஒருவர். நகரத்து நண்பர்களோ, மயில் பெருகினால் இயற்கை செழிக்கிறது என்று மகிழ்கிறார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி வருவதில்லை.

1933-இல் பறவையியலாளர் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தார். போன இடம் எதிலும் அவர் மயிலைப் பதிவு செய்யவில்லை. 2009-இல் அதே இடங்களுக்கு மறுபடி போனவர்கள் பலவற்றில் மயிலைக் கண்டார்கள். மயில் ஈரக்காட்டுப் பறவையல்ல. வறண்ட புதர்க்காடும் திறந்த வெளியும்தான் அதற்குத் தோது. காட்டோரம் வெட்டவெளியாகி நிலம் காயக் காய அதற்கு வழி திறக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டம் தந்த பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மயில் ஆடினால் மழை என்கிறோம்; அது குடியேறுவதோ காய்ந்த மண்ணில்!

சரி, வந்தது கண்ணில் படுகிறது. போனது? நீலகிரி நெட்டைக்காலி என்றொரு பழுப்புநிறச் சிறு பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிப் புல்வெளிகளை விட்டால் அதற்கு உலகில் வேறு வீடு இல்லை. அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டார்கள். தேயிலையும் ஏறியது. சீகை இப்போது யாரும் நடாமலே பரவுகிறது. வெயில் கூடினால் அடிவாரத்துப் பறவை மேலே ஏறிக்கொள்ளலாம். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கே இருப்பது எங்கே ஏறும்? தெற்கே ஆனைமலைக்குப் போகலாமென்றால் குறுக்கே பாலக்காட்டுக் கணவாய்.

என் பழைய நோட்டுகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அரிதான பறவைகளை மட்டும் எழுதிவைத்தேன். ஒரு சரிவில் நெட்டைக்காலி எந்த ஆண்டோடு நின்றது என்று தேடினால், அன்று அது இல்லையா, நான் எழுதவில்லையா என்றே பிடிபடவில்லை. இடத்துக்கு இடம் முழுப் பட்டியல் எழுதியவர் என்பதால்தான் சலீம் அலியிடம் மயில் 'இல்லை' என்பதும் தகவலாகிறது.

பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிபவர்கள், பதினைந்தே நிமிடம் நின்றாலும், காக்கா, மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதி 'முழுப் பட்டியல்' என்று குறித்துவிடுங்கள். அப்புறம், போன மாதம் நின்ற அதே இடத்தில் மறுபடி போய் நில்லுங்கள்.