விடியற்காலைச் சைரனும் 5.6 கிலோ ஓமும்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். “சேர், கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. போன வருடம் கள்ளர் அலாரம் பூட்டினோம். மாரி தொடங்கின நாளிலிருந்து விடியற்காலை மூன்று, மூன்றரைக்குச் சைரன் கத்துகிறது. எழும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. பகலில் எத்தனை தரம் சோதித்தாலும் ஒரு பிழையும் இல்லை. அம்மா முனி நடமாட்டம் என்கிறார். தேசிக்காய் வெட்டிக் கழிப்பும் கழித்தாயிற்று. நிற்கவில்லை. விஞ்ஞானத்தில் இதற்கு ஏதும் விளக்கம் இருக்கா?”

மந்திரம் போட்டு ஆட்களைப் பாயோடு ஒட்ட வைக்கிற ஊர் என்று வெளியூரார் நம்மைப் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரித்தான் இருந்தது கேள்வி. பாலம் தாண்டினால் வாசகரின் வீடு. வோல்ற்றும் தடையும் அளக்கிற ஒரு மல்ரிமீற்றரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன்.

முதலில் அலாரத்தின் உடம்பை விரைவாகப் பார்த்துவிடுவோம். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் பனல், அதாவது எல்லா வயரும் வந்து சேர்கிற கட்டுப்பாட்டுப் பலகை. 230 வோல்ற்று மின்சாரத்தை ஒரு சின்ன மின்மாற்றி 16.5 வோல்ற்று ஆடலோட்டமாகக் குறைத்துப் பனலுக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் கைகொடுக்க 12 வோல்ற்று, 7 அம்பியர்மணி ஈய அமிலப் பற்றரி. சைரன் அடிக்காத நேரத்தில் முழு அமைப்பும் 0.35 அம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 7ஐ 0.35ஆல் வகுக்க 20 மணித்தியாலம் வரும். அது கடதாசிக் கணக்கு. நம்மூர் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் கிடந்த பற்றரியிடம் அதில் பாதியை எதிர்பார்த்தாலே பேராசை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கீபாட், வெளிச்சுவரில் சைரன், கதவு யன்னல்களில் காந்த ஆளிகள், விறாந்தையில் அசைவு உணரி. பெட்டியை வெளியார் கண்ணில் படாத உள் அலுமாரிக்குள் வைக்க வேண்டும். உணரி வயர்களை 230 வோல்ற்று வயர் போகிற குழாய்க்குள் சேர்த்து இழுக்கக் கூடாது. 230 வோல்ற்றுப் பக்கத்தை மின்வேலை படித்தவர்தான் தொட வேண்டும். நிலத்தொடுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். ஐப்பசி இடி மின்னலில் எத்தனை ரீவியும் ரௌற்றரும் போனது என்று நமக்குத் தெரியும், பனலுக்கு மட்டும் விதிவிலக்குக் கிடையாது.

காந்த ஆளி எளிய சாமான். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். யன்னல் சட்டத்தில் உள்ள காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தகடுகள் ஒட்டியிருக்கும், யன்னலைத் திறந்தால் பிரியும். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் எல்வுட் என்பவர் தொலைபேசி நிலையங்களுக்காகச் செய்தது. இன்று நம் யன்னலில் இருக்கிறது.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம்.

1853இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸில் அகஸ்டஸ் ரசல் போப் என்ற பாதிரியார் மின்சாரக் கள்ளர் மணிக்குக் காப்புரிமை எடுத்தார். கதவு திறந்தால் சுற்று மூடும், மின்னோட்டம் பாயும், மணி அடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் கள்ளன் முதலில் வயரை வெட்டிவிட்டால்? மணி அடிக்கவே அடிக்காது, வீட்டுக்காரருக்கு அது தெரியவும் வராது.

ஆகவே தலைகீழாக்கினார்கள். மின்னோட்டம் எப்போதும் பாய்ந்துகொண்டிருக்கட்டும், நின்றால் மணி அடிக்கட்டும். இப்போது யன்னலைத் திறந்தாலும் மணி, வயரை வெட்டினாலும் மணி. கள்ளன் தோற்றான். ஆனால் அவனும் பள்ளிக்கூடம் போனவன்தானே! போகிற வயரையும் வருகிற வயரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கினால், அதற்கு அப்பால் எத்தனை யன்னலைத் திறந்தாலும் ஓட்டம் குறுக்கு வழியில் போய்வந்துகொண்டே இருக்கும். பனலுக்கு எல்லாம் சுகம். கள்ளனே தேவையில்லை, வயரில் அடித்த ஓர் ஆணியே இதைச் செய்துவிடும்.

இதற்கு வந்த மருந்துதான் சுண்டு விரல் நகமளவுகூட இல்லாத ஒரு தடையி. பனல் வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்னப் பொலித்தீன் பையில் இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று பட்டை இருந்தால் 5, 6, பின்னால் இரண்டு சைபர்: 5600 ஓம். டிஎஸ்சி என்ற கம்பனியின் பனல்களுக்கு இந்த 5.6 கிலோ ஓம். ஹனிவெல் விஸ்டாவுக்கு 2 கிலோ ஓம், பரடொக்ஸுக்கு 1 கிலோ ஓம். ஒன்றின் தடையியை மற்றதுக்குப் போட முடியாது. இதைச் சுற்றின் கடைசி முனையில், அதாவது பனலிலிருந்து ஆகத் தூரத்தில் உள்ள யன்னலில், தொடராகப் போட வேண்டும்.

போட்டால் என்ன நடக்கும்? சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதி போதும். பனலுக்குள்ளே 5 வோல்ற்று இருக்கிறது, அது ஒரு 5.6 கிலோ ஓம் தடையினூடாக நமது வயருக்கு வருகிறது என்று கணக்குக்காக வைப்போம். வெளியே கடைசியில் இன்னொரு 5.6. சமமான இரண்டு தடை, ஆகவே நடுவில் சரி பாதி, 2.5 வோல்ற்று. பனல் தன் வாயிலில், அதாவது வயர் உள்ளே நுழையும் முனையில், இந்த 2.5ஐப் பார்த்துக்கொண்டே இருக்கும். யன்னல் திறந்தால் அல்லது வயர் அறுந்தால் ஓட்டம் நின்று வாயிலில் முழு 5 வோல்ற்றும் ஏறும். வயர் இரண்டும் ஒட்டினால் வெளித்தடை சைபராகி வாயிலில் சைபர் வோல்ற்று. ஏறினாலும் பிழை, இறங்கினாலும் பிழை. நடுவில் நின்றால் மட்டும் சுகம்.

இதில் நான் மயங்குகிற விசயம் ஒன்று உண்டு. அந்தத் தடையிக்கு மூளை கிடையாது, அது எதையும் உணர்வதில்லை. தூரத்து முனையில் சும்மா இருப்பது மட்டுமே அதன் வேலை. “கடைசி வீடு வரைக்கும் பாதை சரி” என்று ஒவ்வொரு நொடியும் அது இருந்த இடத்திலிருந்தே சாட்சி சொல்கிறது. இன்னும் ஒரு படி போய், ஆளிக்குச் சமாந்தரமாக இரண்டாவது 5.6ஐப் போட்டுப் பாருங்கள். யன்னல் மூடியிருந்தால் 5.6, வாயிலில் 2.5 வோல்ற்று. திறந்தால் இரண்டும் சேர்ந்து 11.2, வாயிலில் 3.3 வோல்ற்று. வயர் அறுந்தால் 5, ஒட்டினால் சைபர். யன்னல் திறந்ததா, வயரில் கைவைத்தார்களா என்று பிரித்துச் சொல்ல இரண்டே வயர், இரண்டு தடையி. விலையைக் கேட்டால் ஒரு பிளேன்ரீக் காசுகூட வராது.

இனி முனியிடம் வருவோம்.

அன்றிரவு அவர்கள் வீட்டு விறாந்தையிலேயே படுத்தேன். மேல்மாடி வயரைப் பனலிலிருந்து கழற்றி மல்ரிமீற்றரில் கொழுவி, மணிக்கொரு தரம் அளந்தேன். பின்னேரம் 5.6 கிலோ ஓம். இரவு பத்துக்கு 5.4. ஒரு மணிக்கு 4.5. மூன்றரைக்கு 3.3. சமாந்தரத் தடைக் கணக்கைத் திருப்பிப் போட்டால், எங்கோ ஒரு 8 கிலோ ஓம் தடை நமது தடையிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2.5 ஆக இருக்க வேண்டிய வாயில் 1.85 வோல்ற்றுக்கு இறங்கும். கொடுத்த வரம்பைத் தாண்டினால் பனல் வயர் ஒட்டிவிட்டது என்று முடிவு கட்டிச் சைரனைத் திறந்துவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

விடிந்ததும் பல்கனி யன்னலின் இணைப்புப் பெட்டியைத் திறந்தோம். தடையியைத் தாங்கிய இரண்டு ஆணிகளுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு படிவு, ஓரத்தில் பச்சைக் களிம்பு. விரலால் தொட்டேன். ஈரம். நாக்கில் வைத்தேன் (நீங்கள் வைக்க வேண்டாம்). உப்பு.

மாரியில் குசினி உப்புப் போத்தலைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் ஊற்றின மாதிரிக் கசிந்து கிடக்கும். காற்றின் சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்பது) 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது அதற்கு முன்பே கசியத் தொடங்கும். கரைந்த உப்பு மின்னைக் கடத்தும், காய்ந்த உப்பு கடத்தாது. பகல் வெயிலில் பெட்டி சூடாகிப் படிவு காய்ந்துவிடும், எத்தனை தரம் சோதித்தாலும் பிழை தெரியாது. இரவில் காற்றுக் குளிரக் குளிர, அதிலுள்ள நீராவி அவ்வளவேதான் என்றாலும் சாரீரப்பதன் ஏறும். ஆகக் குளிர்ந்த நேரம் விடியற்காலை. மூன்றரை மணி முனியின் நேரமாகப் போனதற்குக் காரணம் இதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். “உப்பா? எங்கட குசினி உப்பா?” என்று இரண்டு தரம் கேட்டார். மறுகா, “அப்ப முனி இல்லையோ?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று கவனித்தவர் அவர்தான். கோபம் வருவது நம் பரீட்சை முறையில். சமாந்தரத் தடைக் கணக்கில் முழுப் புள்ளி எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் மல்ரிமீற்றரைக் கையில் பிடித்திருக்கிறார்கள்? கடலுக்கும் வாவிக்கும் நடுவே நெருங்கி வாழும் ஊர் இது. உப்புக்காற்று ஒரு மின்சுற்றை வருடம் முழுக்க என்ன செய்கிறது என்று அளக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்குக் கொஞ்சம் ஆய்வுப் பணம் கொடுத்தால் போதும். கோடிக் கணக்கில் கட்டடம் திறப்பதை விட அது உருப்படியான காரியம் என்பது என் எண்ணம்.

கதை அதோடு முடியவில்லை. “பின் விறாந்தை யன்னலும் முதலில் இப்படித்தான் கத்தியது சேர், அலாரம் பூட்டின தம்பி வந்து ஒரே நாளில் சரியாக்கித் தந்தார்” என்றார் வாசகர். எனக்குச் சந்தேகம் தட்டியது. பனல் பெட்டியைத் திறந்தால், அந்தத் தடையி யன்னலில் இல்லை, பெட்டிக்குள்ளேயே முறுக்கிவைத்திருந்தது. உப்புப் படாத இடம்தான், சைரனும் அடங்கும்தான். ஆனால் சாட்சியைக் கடைசி வீட்டிலிருந்து கூட்டிவந்து பொலிஸ் நிலையத்துக்குள் உட்கார வைத்தால் அவர் எதைப் பார்ப்பார்? விறாந்தை வயர் இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்துவிட்டு, அலாரத்தைப் போட்டு, யன்னலை அகலத் திறந்து காட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. கத்துகிற மேல்மாடியை விட, அடங்கிக் கிடந்த விறாந்தைதான் ஆபத்து. வயர் வேலை குறையும் என்று இப்படிச் செய்கிற பலரை நான் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் பூட்டினவரிடம் “தடையி எங்கே?” என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

மருந்து எளிது. தடையிகளைக் கடைசி யன்னலுக்கே கொண்டுபோய், ஆணி இணைப்பு இல்லாமல் ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, பெட்டியின் வாயைச் சிலிக்கன் பசையால் அடைத்தோம். ஒவ்வொரு யன்னலிலும் இரண்டாவது தடையியும் சேர்த்தோம்.

பனலிடமும் அதைச் சொல்ல வேண்டும். தடையி இல்லையா, ஒன்றா, இரண்டா என்று நிரலில் ஒரு தெரிவு இருக்கும். வயரில் ஒன்று, நிரலில் ஒன்று என்றால் எல்லாம் வீண். மற்ற நிரல் வேலை பொறுமை இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடியும். ஒவ்வொரு சுற்றும் ஒரு வலயம் (வலயக் கல்வி அலுவலகம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை). முன்கதவு தாமத வலயம்: திறந்த பிறகு இரகசிய இலக்கம் அழுத்த 30 நொடி. வயதானவர் இருக்கும் வீட்டில் அதை 45 ஆக்குங்கள். யன்னல்கள் உடனடி வலயம். அசைவு உணரி உள் வலயம், ஆட்கள் வீட்டில் படுக்கும்போது அதைப் பனல் ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவில் கழிப்பறைக்கு எழும்பும் அம்மாதான் முதல் கள்ளன். தொழிற்சாலை போட்டுத் தந்த நிறுவுனர் இலக்கத்தையும் வீட்டுக்காரர் இலக்கத்தையும் அன்றே மாற்றுங்கள், அவை கையேட்டிலேயே அச்சிட்டுக் கிடப்பவை. கட்டாரில் இருக்கும் மகனுக்குச் செய்தி அனுப்பச் சிம் போட்டிருந்தால் அதில் காசு இருக்கிறதா என்று மாதம் ஒரு தரம் பாருங்கள்.

ஒரு கிழமை கழித்து வாசகர் அழைத்தார். நான் கொடுத்துவிட்டு வந்த மல்ரிமீற்றரோடு விடியற்காலை மூன்றரைக்கு எழும்பி, வயரைக் கழற்றி அளந்திருக்கிறார்: 5.6. சைரன் அடிக்கவில்லையாம். ஆனால் அம்மா அந்த நேரத்துக்குப் பழகிப்போய்த் தானாக எழும்பிவிடுகிறாராம், இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார்களாம். வாசலில் கட்டின தேசிக்காயை இன்னும் அவிழ்க்கவில்லை. அதன் தடையையும் ஒருக்கா அளக்கச் சொன்னேன்.