பட்டாவில் 0-40.50 என்றால் எத்தனை சென்ட்?

நில அளவை வேலைக்காக என்னிடம் வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக இந்தக் கேள்வியைக் கேட்பேன். “நாற்பதரை சென்ட்” என்ற பதில்தான் அடிக்கடி வரும். படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அது ஒரு முழு ஏக்கர். சொல்லப்போனால் ஏக்கரைவிட 3 சதுர மீட்டர் கூடுதல்.

தமிழ்நாட்டுக் கிராமப் பட்டாவில் பரப்பு என்ற தலைப்பின் கீழ் ‘ஹெக் - ஏர்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். இடதுபக்க எண் ஹெக்டேர், வலதுபக்க எண் ஏர். ஒரு ஏர் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். 100 ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். சென்ட் இதோடு சம்பந்தமில்லாத வேறொரு கணக்கு. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். ஆக, ஒரு ஏரில் 2.471 சென்ட் இருக்கிறது. ஏரைச் சென்ட் என்று படித்தால் நிலத்தில் பாதிக்கு மேல் காகிதத்திலேயே காணாமல் போய்விடும்.

அப்படிப் போகவிருந்த ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு புஞ்சை. அப்பா இறந்துவிட்டார், பிள்ளைகள் சென்னையில். தாய்ப் பத்திரம் கைக்குக் கிடைக்கவில்லை, பட்டா மட்டும் இருந்தது. சென்ட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி, மொத்தம் நாற்பதரை சென்ட் என்று ஒப்பந்தம் எழுதி, அட்வான்ஸும் வாங்கிவிட்டார்கள். ஒரு மூலையில் கல் காணோம் என்பதால்தான் அளக்கக் கூப்பிட்டார்கள். அளந்து கணக்குப் போட்டால் நூறு சென்ட் வருகிறது. ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். பரப்பு என்ற இடத்தில் நாற்பதரை சென்ட். நான்கெல்லை விவரத்திலோ முழு நிலத்துக்குமான எல்லைகள். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்குத்தான் முக்கியத்துவம் கொடுக்கும். அப்படியே பத்திரம் பதிவாகியிருந்தால் 59 சென்ட்டுக்கு மேல் பணம் வாங்காமலே கைமாறியிருக்கும், அல்லது பல வருட வழக்காகியிருக்கும். வாங்க வந்தவர் நல்ல மனிதர். புது ஒப்பந்தம் எழுதச் சம்மதித்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் அமைவார் என்று நம்பி இருக்க முடியாது.

இதே எண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டாவில் 0-05.00 என்று இருப்பதை யாராவது வேகமாக வாட்ஸ்அப்பில் ‘0.5 ஹெக்டேர்’ என்று தட்டி அனுப்பிவிடுவார்கள். 0-05.00 என்பது 500 சதுர மீட்டர், 12.36 சென்ட். 0.5 ஹெக்டேர் என்பது அதைப்போல பத்து மடங்கு. ஏர் எண்ணுக்கு முன்னால் நிற்கும் அந்தப் பூஜ்ஜியத்தை விட்டுவிடவே கூடாது. படியெடுத்து எழுதும்போது ‘5 ஏர்’ என்று அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.

சரி, ஒரே நிலத்துக்கு ஏன் இத்தனை கணக்கு? நம் பழைய பத்திரங்கள் ஏக்கர், சென்ட்டில் இருக்கின்றன. அவை ஆங்கிலேயர் கொண்டுவந்த சங்கிலி அளவையிலிருந்து வந்தவை. 17-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்த சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 லிங்க். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 43,560 என்ற விநோதமான எண் அங்கிருந்துதான் வருகிறது: 66 அடி அகலம், 660 அடி நீளம். 1956-இல் எடைகள், அளவைகள் தரச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. தமிழ்நாட்டில் 1979-இல் தொடங்கி 80-களில் நடந்த நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்கிற அந்த வேலையில், கிராமக் கணக்குகள் ஹெக்டேர், ஏரில் எழுதப்பட்டன. பத்திரம் மட்டும் சென்ட்டிலேயே தொடர்ந்தது. மனை என்று வந்தால் சதுர அடி. சென்னையைச் சுற்றி கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. நகர நில அளவைப் பதிவேட்டில் அதே கிரவுண்டு 223 சதுர மீட்டராகி, ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்ற வரிசையில் 0-02-23 என்று உட்கார்ந்திருக்கும்.

பழைய புலப்படம், அதாவது நிலத்தின் பக்க அளவுகளைக் குறித்த எஃப்.எம்.பி. படம், வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது லிங்க். அதில் கோட்டின் மேல் 250, 200 என்று வெறும் எண்தான் இருக்கும். அது பழைய படமென்றால் லிங்க்காக இருக்கலாம், புதியதென்றால் மீட்டர். அடியாக இருக்கும் என்று நினைத்துப் பெருக்குகிறவர்கள் நிறையப் பேர். ஒரு லிங்க் 0.66 அடிதான். 250 லிங்க்குக்கு 200 லிங்க் உள்ள நிலம் 50,000 சதுர லிங்க். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட் என்பதால் அது சரியாக 50 சென்ட். அதையே அடியாக எடுத்துக்கொண்டால் 114 சென்ட்டைத் தாண்டும். படத்தின் ஓரத்தில் அளவுகோல் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் பெருக்குங்கள்.

டெல்டா பக்கம் போனால் கதை வேறு. தஞ்சாவூர்க் கணக்கில் 12 அடிக் கோலால் அளந்த சதுரம், 144 சதுர அடி, ஒரு குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வடக்கே செங்கல்பட்டு, தென்னார்க்காடு பக்கமோ குழி என்றால் 24 அடிக் கோல், 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 1.32 ஏக்கர். அதே பெயர், நான்கு மடங்கு நிலம். தாத்தா காலத்துப் பாகப் பிரிவினைப் பத்திரத்தில் ‘குழி 50’ என்று இருந்தால், எந்த ஊர்க் குழி என்று தெரியாமல் யாரும் பெருக்கத் தொடங்கக் கூடாது. அந்தக் கிராமத்தில் வழக்கில் இருந்த கோல் எது என்பதைப் பக்கத்து நிலங்களின் பழைய பத்திரங்களை வைத்து உறுதி செய்துகொள்வது நல்லது.

‘மூணு மா ஒரு ஏக்கர்’ என்று டெல்டாவில் சாதாரணமாகச் சொல்வார்கள். வயல்வெளிப் பேச்சுக்கு அது போதும். ஆனால் மூன்று மா 43,200 சதுர அடிதான், ஏக்கருக்கு 360 குறைவு. ஒரு வேலியை இந்தக் கணக்கில் ஏக்கராக மாற்றினால் 6.67 வருகிறது, சரியான கணக்கு 6.61. வித்தியாசம் சரியாக 2,400 சதுர அடி. ஒரு கிரவுண்டு! சாலையோர நிலமாக இருந்தால் அதன் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

‘ஒரு ஏருக்கு ரெண்டரை சென்ட்’ என்பதும் இதே ரகம். ஐந்து ஏருக்கு அப்படிப் போட்டால் பெரிய சேதம் இல்லை. ஒரு ஹெக்டேருக்குப் போட்டால் 247.1 சென்ட் 250 ஆகிவிடும். இல்லாத 1,260 சதுர அடி நிலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டிவரும். தோராயக் கணக்கு வாய்ப்பேச்சோடு நிற்கட்டும். ஒப்பந்தத்தில் பேனா வைக்கும்போது 2.471 வேண்டும்.

இதற்கு நேரெதிரான பிரச்சினையும் இருக்கிறது. கிராமப் பட்டாக்களைப் புரட்டினால் பரப்பு பெரும்பாலும் .00 அல்லது .50 என்று முடிவதைப் பார்க்கலாம். பத்திரத்தில் பத்து சென்ட், அது 4.05 ஏர். பட்டாவில் 0-04.00 என்று இருந்தால் 9.88 சென்ட்தான். “ஐம்பது சதுர அடி போச்சே” என்று பதறி வருவார்கள். இந்த அளவு வித்தியாசம் முழுமையாக்கியதால் வந்திருக்கலாம். தரையில் கல்லுக்குக் கல் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பத்து சென்ட்டுக்கு 3 ஏர் என்று இருந்தால் அது முழுமையாக்கல் இல்லை. உட்பிரிவு செய்தபோது வந்த பிழையாகவோ, அடுத்தவர் பட்டாவில் சேர்ந்துவிட்ட நிலமாகவோ இருக்கலாம். அதை விட்டுவிடாமல் வருவாய்த் துறையில் மனு கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் தேவையில்லாத பயமும் இல்லை, தேவையான நேரத்தில் அலட்சியமும் இல்லை.

மனை வாங்குகிறவர்களுக்கு வேறு இரண்டு விஷயங்கள். ஒரு மீட்டர் 3.28 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் 200 சதுர மீட்டரையும் 3.28-ஆல் பெருக்கி 656 சதுர அடி என்று சொல்கிறார்கள். பரப்புக்கு நீளம், அகலம் இரண்டிலும் மாற்ற வேண்டும். பெருக்க வேண்டிய எண் 10.764, விடை 2,153. பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். அங்கே பிரிட்டிஷ் அளவு, மெட்ரிக் அளவு என்று இரண்டு மதிப்புகள் இருக்கும். சதுர அடிக்கான தொகையைச் சதுர மீட்டருக்கான தொகை என்று எடுத்துக்கொண்டால் முத்திரைத்தாள் செலவுக் கணக்கு முழுக்கத் தப்பாகப் போகும்.

இன்னொன்று, அடியும் அங்குலமும். 30 அடி 10 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 30.10 என்று போடுகிறார்கள். அங்குலம் பன்னிரண்டில் ஒரு பங்கு, அது 30.83. மனையின் நீளம் 60 அடி என்றால் 1,806-க்கும் 1,850-க்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு புள்ளியில் இருக்கிறது.

அலகு சரியாக இருந்தும் பரப்பு தப்பாவது கோணல் மனையில். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து, பெருக்குவது புரோக்கர்கள் கணக்கு. நான்கு மூலையும் செங்கோணமாக இல்லாத மனையில் இந்தக் கணக்கு எப்போதும் உண்மையைவிட அதிகமாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. 40-க்கு 60 என்று சொல்லப்படும் மனை 70 டிகிரியில் சாய்ந்திருந்தால் உண்மைப் பரப்பு 2,255 சதுர அடிதான். டேப் ஒன்று இருந்தால் நீங்களே பார்க்கலாம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். 40-க்கு 60 செவ்வகம் என்றால் இரண்டுமே 72 அடி ஓரங்குலத்தை ஒட்டி வரும். ஒன்று 82, இன்னொன்று 59 என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. அப்போது மூலைவிட்டத்தில் இரண்டு முக்கோணமாகப் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

யாழ்ப்பாணத்து நிலம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அங்கே ‘பரப்பு’ என்பதே ஓர் அலகு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், 2,722.5 சதுர அடி. மேலே சொன்ன ஏக்கர் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

நான் எந்த நிலத்தை எடுத்தாலும் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் தாய்ப் பத்திரம், கடைசிக் கிரயப் பத்திரம், பட்டா, புலப்படம், தரையில் அளந்தது என்று ஐந்து வரி எழுதி, எல்லாப் பரப்பையும் சதுர மீட்டருக்கு மாற்றி எதிரே குறித்துக்கொள்வேன். சென்ட்டை 40.47-ஆலும் ஏரை 100-ஆலும் பெருக்கலாம், சதுர அடியை 10.764-ஆல் வகுக்கலாம். ஐந்தும் ஒரே அலகில் வரிசையாக நின்றால் எது ஒட்டவில்லை என்று கணக்கே தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். பத்திரம் பதிவான பிறகு தெரிந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத எதிர்த்தரப்பு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவர் போட மாட்டேன் என்றால் நீதிமன்றம்தான்.

ஒப்பந்தம் எழுதும்போது ஆவண எழுத்தரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பரப்பைப் பத்திரத்தின் அலகிலும் பட்டாவின் அலகிலும், சதுர மீட்டரோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விலையை மொத்தத் தொகையாக மட்டும் எழுதாமல், அலகுக்கு இவ்வளவு, அளந்து வரும் பரப்புக்கு ஏற்பத் தொகை கூடும் அல்லது குறையும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எஃப்-லைன் மனு, அதாவது எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு, போடச் சொல்லி, அரசு சர்வேயர் அளந்து கல் காட்டும் வரை அட்வான்ஸைக் கையிலேயே வைத்திருங்கள்.