ஃபேன் காற்று நாய்க்கு ஏன் பத்தவில்லை?

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களுடையது ஷீட் போட்ட வீடு. மத்தியானம் ஆனால் டேபிள் ஃபேனை நாய்க்கு நேராகவே திருப்பி வைத்துவிடுகிறேன். அப்படியும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே கிடக்கிறது. அதற்குக் காற்று பத்தவில்லையா?"

காற்று போதுமான அளவு வருகிறது. வியர்வைதான் இல்லை. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் தோலில் இருக்கும் வியர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். ரோமம் மூடிய உடம்பில் நம்மைப் போலக் குளிர்ச்சிக்காக வியர்ப்பதில்லை. காய்ந்த ரோமத்தின் மேல் எவ்வளவு காற்று அடித்தாலும் பெரிய பலன் கிடையாது. அது மட்டுமல்ல, நாயின் உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கத்திரி வெயிலில் ஷீட்டுக்கு அடியில் காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஃபேன் அந்தச் சூட்டை நாயின் மேல்தான் கொண்டுவந்து கொட்டும்.

அப்புறம் நாய் எப்படித்தான் சமாளிக்கிறது? நாக்கைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பெரிய வேலை மூக்குக்குள் நடக்கிறது.

நாயின் நீண்ட மூக்குக்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் ஓலைச்சுருள் மாதிரி சுருண்டு சுருண்டு அடைந்திருக்கின்றன. அவற்றின் மேல் ஈரமான சவ்வு, அதற்கு அடியில் ரத்தக் குழாய்கள். மூக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு சுரப்பி உண்டு. வெயில் ஏற ஏற அவை கூடுதலாக நீர் சுரக்கும் என்று 1972-ல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நாய்க்கு வியர்வை மூக்குக்குள் சுரக்கிறது என்றே சொல்லலாம்.

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. விலங்குகளின் உடலியலை ஆராய்ந்த ஷ்மிட்-நீல்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1970-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியாகக் காற்றை இழுத்து வாய் வழியாக விடுகிறது. ஏன் இந்தச் சுற்று வழி? உள்ளே போகும் காற்று மூக்குச் சவ்வின் ஈரத்தை ஆவியாக்கி அதைக் குளிர்வித்துவிட்டுப் போகிறது. அதே காற்று திரும்பவும் மூக்கு வழியாக வந்தால், குளிர்ந்த சவ்வின் மேல் நீராவி படிந்து, எடுத்த வெப்பத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடும். வாய் வழியாக விட்டால் வெப்பம் வெளியே போய்ச் சேரும். வாய் வழியாக எவ்வளவு, மூக்கு வழியாக எவ்வளவு என்று மாற்றி மாற்றி, குழாயைத் திருகுவது போல நாய் தன் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

ஆனால் இவ்வளவு வேகமாக மூச்சு விட்டால் தசைகள் சூடாகாதா? இந்தக் கேள்விக்கு 1962-லேயே க்ராஃபோர்டு என்ற ஆய்வாளர் பதில் கண்டுபிடித்தார். நாயின் மார்புக்கூடும் நுரையீரலும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் போல. அதற்கென்று ஓர் இயல்பான வேகம் உண்டு, நிமிடத்துக்கு 300 தடவைக்குக் கொஞ்சம் மேலே. ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் நேரம் பார்த்து லேசாகத் தட்டினால் போதும், தானே ஆடும் இல்லையா, அந்த மாதிரி. நாய் சரியாக அந்த வேகத்திலேயே இரைக்கிறது. அந்த வசதி இல்லாவிட்டால் இரைப்பதாலேயே நாய் இன்னும் சூடாகிப்போகும். ராயபுரத்தில் எங்கள் வீட்டு நாய் மணி மாடிப்படியில் இரைத்துக்கொண்டிருந்தபோது செல்போனில் எடுத்து, ஸ்லோமோஷனில் வைத்து எண்ணினேன். பத்து விநாடிக்கு 52, அதாவது நிமிடத்துக்கு 312. அரை மணி நேரம் கழித்து அதே நாய் அசந்து தூங்கும்போது நிமிடத்துக்கு 22.

இவ்வளவு அருமையான இயந்திரத்துக்கும் வடசென்னையில் ஒரு சோதனை இருக்கிறது, கடல் ஈரம். நாய் வெளியே விடும் காற்றில் கன மீட்டருக்கு சுமார் 46 கிராம் நீராவி இருக்கும். கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் ஊரில் 38 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால், இழுக்கும் காற்றில் ஏற்கெனவே 18 கிராம் சொச்சம் இருக்கும். ஆக, ஒவ்வொரு கன மீட்டரும் 28 கிராமைக் கொண்டுபோகும். காசிமேட்டுக் கடற்கரையில் 33 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் காற்றிலேயே 25 கிராம், கொண்டுபோவது 21 தான். கடல்காற்று வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் நினைக்கும் நேரத்தில் நாயின் மூச்சுக்கு நாலில் ஒரு பங்கு பலன் குறைந்திருக்கும். நம் நாட்டு நாயும் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இந்த ஈரத்தில் எப்படித் தாங்குகின்றன என்று அளக்கப் பணம் ஒதுக்க வேண்டும். 1903-ல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி வேப்பேரியில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அந்தச் சுருள்களுக்கே இடம் போதாது. விளம்பரத்தில் பார்த்து ஆசைப்பட்டு இந்த ஊர் வெயிலுக்கு வாங்கிவராதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். வாயை இறுக்கிக் கட்டும் மஸிலும் வெயிலில் ஆபத்து. போட்டே ஆக வேண்டுமென்றால், வாயைத் திறந்து இரைக்க முடிகிற கூடை மாதிரியானதை வாங்குங்கள்.

சரி, வாசகியின் நாய்க்கு வருவோம். முதலில் அதன் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு அப்புறம் ஃபேனைப் போடுங்கள். நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் அதற்கு வியர்வை. மத்தியான நேரத்துச் சின்டெக்ஸ் தண்ணீர் கொதிக்கும், குடத்துத் தண்ணீரை எடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஒழுகும் தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு படுத்திருக்கும் நாய்களைப் பாருங்கள், சரியான இடம் அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

சூட்டைத் தணிக்கும் என்று பழைய சோற்றோடு சின்ன வெங்காயம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு நல்லது என்பதால் அதற்கும் நல்லது என்று ஆகிவிடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கட்டாயம் வேண்டாம்.

ஈறு செக்கச்செவேல் என்று சிவந்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, கால் தள்ளாடினால் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அப்போது ஆட்டோ தேடி ஓடுவதற்கு முன்னால் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள், ஃபேனைப் போடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் மட்டும் ஊற்ற வேண்டாம். நனைத்தபடியே வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஆட்டோவின் இரண்டு பக்கமும் காற்று வரட்டும்.