எர்கோனாமிக்ஸ்: தமிழில் இதற்கு ‘வாகு’ என்று ஒரு சொல் இருக்கிறது

நாற்காலிக் கடையில் பாதி அட்டைகளில் ‘எர்கோனாமிக்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வலை முதுகும், இடுப்புக்கு ஒரு மேடும், தலைக்கு ஒரு தாங்கியும் இருந்தால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இந்தச் சொல் நாற்காலியின் குணத்தைச் சொல்வதே அல்ல. ஒரு பொருளும் அதைப் புழங்குகிற உடம்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைச் சொல்வது. ஆறடி ஆளுக்கு எர்கோனாமிக்காக இருக்கும் நாற்காலியில் ஐந்தடிக்காரர் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அவருக்கு அது எர்கோனாமிக் இல்லை.

சொல் கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘எர்கோன்’ என்றால் வேலை. ‘நோமோஸ்’ என்றால் நெறி, விதி. எர்கோனை நாம் தினமும் அறியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறோம்: எனர்ஜி, அலர்ஜி, சர்ஜரி மூன்றிலும் அதுதான் ஒளிந்திருக்கிறது. சர்ஜரி என்பதற்கு வேர்ப்பொருள் ‘கைவேலை’. நோமோஸ் எகனாமியின் பின்பாதியில் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்து முதலில் எழுதியவர் போலந்து நாட்டு இயற்கை அறிஞர் வொய்சேக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி. ஆண்டு 1857. இயற்கை அறிவியலின் உண்மைகளை அடிப்படையாகக் கொண்ட உழைப்பின் அறிவியல் என்று அதற்குப் பொருள் சொன்னார். போலிஷ் மொழிக்கு வெளியே அது பரவவில்லை. 1949இல் பிரிட்டனில் ஹவெல் மரெல் என்ற ஆய்வாளர் அதே இரு வேர்களிலிருந்து மறுபடியும் இந்தச் சொல்லை உண்டாக்கினார். இன்று உலகம் புழங்குவது அந்த இரண்டாம் பிறப்பைத்தான்.

அமெரிக்காவில் இத்துறை ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’ என்ற பெயரில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓட்டிகள் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ‘ஃபிளாப்’ என்ற மடிப்பை உள்ளிழுப்பதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிடுவது திரும்பத் திரும்ப நடந்தது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் ஓட்டிகளைக் குறை சொல்லாமல் ஓட்டியறைக்குள் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கரத்துக்கான விசையின் முனையில் குட்டிச் சக்கரத்தையும், இறக்கை மடிப்புக்கான விசையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார்கள். கை தொட்டதும் தெரிந்தது; தவறு நின்றது. இன்றைய பயணிகள் விமானத்திலும் சக்கரத்துக்கான விசையின் குமிழ் சக்கர வடிவில்தான் இருக்கிறது. ஆளை வேலைக்கு வளைக்காதே, வேலையை ஆளுக்கு வளை என்பதுதான் எர்கோனாமிக்ஸின் முழுப் பொருள்.

தமிழில் ‘பணிச்சூழலியல்’ என்று எழுதுகிறோம். துறைக்குப் பெயராக அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. சூழலியல் என்றதும் காடும் ஆறும் மனதில் வருகின்றன. ‘பணிச்சூழல்’ என்றால் மேலாளரும் சம்பளமும் வருகின்றன. உடம்பு வருவதில்லை. அதைவிடச் சிக்கல், ‘எர்கோனாமிக் நாற்காலி’ என்பதைப் ‘பணிச்சூழலியல் நாற்காலி’ என்று எழுதும்போது. அதைப் படிக்கிறவருக்கு எதுவும் புரியாது.

பேச்சுத் தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: வாகு. ‘மண்வெட்டி கைக்கு வாகா இருக்கு’, ‘வாகா உக்காந்து வேலை பாரு’ என்கிறோம். உடலின் அமைப்பைச் சொல்லவும் அதே சொல்தான்: உடல்வாகு. உடம்பின் அளவு, பொருளின் பொருத்தம் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. எர்கோனாமிக் என்ற பெயரடைக்கு ‘வாகான’ என்பதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. வாகான நாற்காலி, வாகற்ற மேசை. கேட்டதும், யாருடைய உடல்வாகுக்கு என்ற கேள்வி தானாக எழும். அதுதான் வேண்டும்.

அலுவலக மேசையை எடுத்துக்கொள்வோம். கடையில் வருவது பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். அது யாருக்கு வாகு என்று அளந்து பார்க்கலாம். வேலை நேரத்தில் போடும் செருப்போடு, பாதம் முழுதும் தரையில் படிய, தொடை தரைக்கு இணையாக இருக்கும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி மேற்கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை இஞ்ச் டேப்பில் இன்னொருவர் அளக்கட்டும். உங்கள் விசைப்பலகை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ அதுதான். அளவு 64 செ.மீ. என்று வந்தால் மேசை உங்களுக்கு 11 செ.மீ. அதிகம். அந்த 11 செ.மீட்டரை நாள் முழுதும் தோள் தூக்கிச் சுமக்கிறது. சாயங்காலம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல்லாக இறுகுகிறதே, அது பெரும்பாலும் இதனால்தான்; வீட்டுக்குப் போய்த் தலையணையை மாற்றிப் பயனில்லை.

மேசையை இறக்க முடியாதென்றால் நாற்காலியை 11 செ.மீ. ஏற்றுங்கள், காலடியில் அதே 11 செ.மீ. உயரத்துக்கு ஒரு பலகையோ மணையோ போடுங்கள். பலகை இல்லாமல் நாற்காலியை மட்டும் ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கால் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், கால் மரத்துப்போகும். உடனே ஆள் முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காருவார். இடுப்பு மேடு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அதன்மேல் முதுகு படாது.

இருக்கையின் ஆழமும் இதே கதைதான். முதுகு முழுதும் சாய்ந்திருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டு வைக்கலாம். கைதாங்கி மேசை விளிம்பில் முட்டி நாற்காலியை உள்ளே விடாமல் தடுத்தால், தாங்கியை இறக்குங்கள் அல்லது கழற்றிவிடுங்கள். விறைப்பாக 90 டிகிரியில் உட்கார வேண்டியதில்லை. முதுகு கொஞ்சம் பின்சாய்ந்து 100 முதல் 110 டிகிரி இருந்தால் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுகளுக்குச் சுமை குறைவு.

திரையைக் கடைசியில்தான் தொட வேண்டும், ஏனென்றால் நாற்காலி ஏறினால் கண்ணும் ஏறும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடியோ புரோகிரசிவ் கண்ணாடியோ போடுகிறவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லையென்றால் கீழ்ப்பாதி வழியாகப் படிக்க மோவாயை உயர்த்தி உயர்த்தியே பின்கழுத்து வலிக்கும். சன்னல் பக்கவாட்டில் வரட்டும், திரைக்கு எதிரிலோ பின்னாலோ வேண்டாம்.

மடிக்கணினி இயல்பிலேயே வாகற்றது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கழுத்துக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். புத்தக அடுக்கின்மேல் ஏற்றிவைத்து, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைப்பதே வழி. அந்த விசைப்பலகையின் பின்கால்களை நிமிர்த்தாதீர்கள்; நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தே இருக்கும். வலப்பக்க எண்பலகை இல்லாத சிறிய வகையை வாங்கினால் மவுஸ் கைக்கு அருகில் வந்துவிடும், தோள் வெளியே விரியாது.

ஷிஃப்ட் வேலை இடங்களில் ஒரே நாற்காலியில் இரண்டு உடல்வாகுகள் மாறி மாறி உட்காருகின்றன. அங்கே முழங்கை உயரம், இருக்கை உயரம், திரையின் மேல்விளிம்பு உயரம் என்ற மூன்று எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால், வந்து உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் தன் அளவுக்குத் திருப்பிவிடலாம்.